முடிவுறாத மூன்று வான்போர்த் தொகுப்புகள்: எதை முதலில் மேசைக்குக் கொண்டு வருவது?

மினியேச்சர் விமானங்களைக் கொண்டு வான்போர் விளையாடுவோரிடம் பாதியில் நிற்கும் வேலைகள் சேர்ந்துவிடுவது இயல்பு. விமானங்கள் சிறியவை, விலை குறைந்தவை என்பதால் ஒன்று முடிவதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிடுகிறோம். என் அலமாரியில் இப்போது மூன்று தொகுப்புகள் காத்திருக்கின்றன. 1940 பிரிட்டன் வான்போரும் 1942 ஏப்ரலில் ஜப்பான் நடத்திய இலங்கைத் தாக்குதலும் 1/300 அளவில், அதாவது உண்மை விமானத்தின் முந்நூறில் ஒரு பங்காக, உள்ளன. கொரியப் போரின் ஜெட் விமானங்கள் 1/600 அளவில் உள்ளன. இத்தகைய நிலையில், வண்ணம் பூச வேண்டிய விமானங்கள் எந்தத் தொகுப்பில் குறைவோ அதையே முதலில் முடிப்பது வழக்கம். அந்த அளவுகோலை நான் ஏற்கவில்லை. ஒரு தொகுப்பிலிருந்து இரு தரப்பினரும் உண்மையான முடிவுகளை எடுக்க வேண்டிய ஒரு சிறு மோதலை மேசையில் வைக்க இன்னும் எவ்வளவு வேலை தேவை என்பதையே பார்க்க வேண்டும்.

பிரிட்டன் வான்போர் வளம் மிக்க களம் என்பதில் ஐயமில்லை. பிரிட்டிஷ் வேட்டை விமானங்களான ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் ஆகியவற்றின் மெர்லின் எஞ்சினில் கார்புரேட்டர் இருந்தது. மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தினால் எஞ்சின் ஒரு கணம் தடுமாறியது. ஜெர்மானிய வேட்டை விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் பிஎஃப் 109-இன் எஞ்சினுக்கு எரிபொருள் நேரடியாகச் செலுத்தப்பட்டதால் அதற்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரு பக்கம் எட்டு இயந்திரத் துப்பாக்கிகள், மறு பக்கம் 20 மில்லிமீட்டர் பீரங்கிகள். லண்டனுக்கு மேல் சில நிமிடங்களே சண்டையிட முடிந்த ஜெர்மானிய விமானிகளின் எரிபொருள் கவலை வேறு. இவை யாவும் விதிகளில் அழகாக அமரக் கூடியவை.

ஆனால் அந்தப் போரின் பொருளே குண்டுவீச்சு விமானங்களைத் தடுப்பதில்தான் இருந்தது. வேட்டை விமானங்களை மட்டும் மோதவிட்டால், 109 ஓட்டுபவர் உயரத்தில் நின்று தனக்கு வசதியான நேரத்தில் இறங்கிவிட்டுப் போய்விடுவார். குண்டுவீச்சு விமானங்களைப் பாதுகாக்க வேண்டிய கடமை இருந்தால்தான் அவர் விரும்பாத உயரத்திலும் வேகத்திலும் சண்டையிட நேரும். ஆகவே நாணயமான சிறு மோதலுக்கே ஆறு ஹைன்கல் குண்டுவீச்சு விமானங்களாவது, அவற்றுக்குக் காவல் விமானங்கள், எதிர்க்கும் ஒரு ஸ்குவாட்ரன் என்று இருபதை ஒட்டிய எண்ணிக்கை தேவைப்படுகிறது. ஹைன்கலின் மேற்புறத்தில் ஒன்றையொன்று நெருங்கிய இரு பச்சை நிறங்களைக் கூர்விளிம்புத் துண்டுகளாகப் பூச வேண்டும்; மூக்கு முழுவதும் கண்ணாடி. மூன்றிலும் மிகுந்த உழைப்பைக் கேட்பது இதுதான்.

கொரியா நேர் எதிர். கறுப்பு பிரைமரின் (அடிப்பூச்சின்) மேல் வெள்ளி நிறம், அமெரிக்க சேபருக்குக் கறுப்பு விளிம்பிட்ட மஞ்சள் பட்டை, எதிர்த்தரப்பின் மிக்-15-க்குச் சிவப்பு மூக்கு, டெகால் (ஒட்டுச் சின்னங்கள்), வார்னிஷ் என்று சில மாலைகளில் எட்டு விமானங்களை முடித்துவிடலாம். வேலையின் அளவை மட்டும் பார்த்தால் இதற்கே முதலிடம். ஆடிப் பார்க்கும்போது மறைந்திருக்கும் செலவு தெரிகிறது. மிக்கிடம் ஒரு 37 மில்லிமீட்டர் பீரங்கியும் இரு 23 மில்லிமீட்டர் பீரங்கிகளும் இருந்தன. அவை பட்டால் பேரழிவு, ஆனால் விரைந்து திரும்பும் சேபரின் மீது படுவது அரிது. சேபரின் ஆறு இயந்திரத் துப்பாக்கிகள் எளிதில் படும், ஆனால் மிக்கை வீழ்த்த நீண்ட நேரம் தேவை. சேபரைவிட உயரே ஏறக் கூடிய மிக், சீன எல்லையான யாலு ஆற்றைக் கடந்து திரும்பிவிடவும் முடிந்தது. இதனால் மிக் தரப்பு சண்டையை எப்போது வேண்டுமானாலும் மறுத்துவிடலாம்; ஆட்டம் நீண்டு முடிவின்றி நிற்கிறது. 1951 ஏப்ரல் 12 அன்று யாலு ஆற்றுப் பாலங்களைத் தாக்கச் சென்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானமான பி-29 போன்ற இலக்குகளை மேசையில் வைத்தால்தான் இரு தரப்புக்கும் பொறுப்பு வருகிறது. எட்டு விமானங்களில் முடிந்ததாகத் தோன்றிய தொகுப்பு, உண்மையில் பி-29 அணி ஒன்று வரும் வரை முடிவதில்லை.

இலங்கைத் தொகுப்பின் சிறப்பு, அது படிப்படியாகப் பிரிவதில் இருக்கிறது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று, ஜப்பானியத் தளபதி நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த 120-க்கும் மேற்பட்ட விமானங்கள் கொழும்பைத் தாக்கின. முந்தைய நாளே லெனர்ட் பர்ச்சால் ஓட்டிய கேட்டலினா ரோந்து விமானம் அந்தக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பியிருந்தும், தாக்குதல் விமானங்கள் நெருங்கிய வேளையில் கொழும்புக்கு முன்னறிவிப்பு கிடைக்கவில்லை. கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து ஹரிக்கேன்கள் மேலெழும்போதே எதிரி தலைக்கு மேல் வந்துவிட்டார். நான்கு நாள் கழித்து, 9-ஆம் தேதி, திருகோணமலையில் ரேடார் முன்னதாகவே எச்சரித்ததால் சீனக்குடாவின் ஹரிக்கேன்கள் வானில் காத்திருந்தன. அதே விமானங்கள், அதே எதிரி. உயரம் ஒன்று மட்டும் மாறுகிறது. உயரத்தின் மதிப்பை ஆடுவோருக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டும் இணை மோதல்களை நான் வேறு களத்தில் கண்டதில்லை.

அதே 9-ஆம் தேதி ஒன்பது பிரிட்டிஷ் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் நகுமோவின் கப்பல்களை எட்டின. குண்டுகள் விழும் வரை அவற்றைக் கப்பலில் இருந்தோர் கவனிக்கவில்லை, ஆனால் ஒன்றும் இலக்கில் படவில்லை. மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டிஷ் விமானந்தாங்கியான ஹெர்மிஸ் கப்பல் வேட்டை விமானக் காப்பின்றி மூழ்கியது. பிரிட்டிஷ் வேட்டை விமானங்களான ஃபுல்மார்கள் பின்னரே வந்து சேர்ந்தன. அவை சற்று முன்னரே வந்திருந்தால் என்ற கேள்வியே ஒரு முழு மாலைக்கான ஆட்டம். ஜப்பானிய வேட்டை விமானங்களான ஸீரோக்கள் நான்கு முடிந்தால் இரத்மலானை, இன்னும் சில ‘கேட்’ குண்டுவீச்சு விமானங்கள் முடிந்தால் திருகோணமலை, பிளென்ஹைம்கள் முடிந்தால் கடல்மேல் தாக்குதல், ஃபுல்மாரும் ‘வால்’ (Val) என்ற ஜப்பானியக் குண்டுவீச்சு விமானமும் முடிந்தால் ஹெர்மிஸ் என்று ஒவ்வொரு படியும் தனித்தனியே ஆடத்தக்கது. ஸீரோவின் வெளிர் சாம்பல் உடலும் கறுப்பு எஞ்சின் மூடியும் ஒரே அமர்வில் முடிபவை.

தேவையான ஹரிக்கேன்களோ பிரிட்டன் பெட்டியில் ஏற்கெனவே முடிந்து இருக்கின்றன. இலங்கையில் புதிய மார்க் II வகை ஹரிக்கேன்களும் இருந்தன என்று நுணுக்கம் பார்ப்போர் சொல்வார்கள், அது சரியே. ஆனால் மூக்கின் சில அங்குல நீட்சி 1/300 அளவில் ஒரு மில்லிமீட்டரைக் கூட எட்டாது. கூடுதல் துப்பாக்கிகளை விமான அட்டையில் குறித்துக்கொள்ளலாம்.

விதிகளும் இந்த வரிசைக்குத் துணை நிற்கின்றன. நகர்வுகளை முன்கூட்டியே எழுதி ஹெக்ஸ் (அறுகோணக் கட்ட) மேசையில் ஆடும் ‘செக் யுவர் 6’, ஒருவருக்கு நான்கு விமானங்கள் வரை இருக்கும்போது சிறக்கிறது என்பது என் அனுபவம். இலங்கையின் முதல் படிக்கு அதுவே பொருத்தம். பிரிட்டனின் பெரும் அணிகளுக்கு, விமானத்தின் சாதக நிலையை ஸ்டாண்டின் சாய்வாலேயே காட்டும் ‘பிளட் ரெட் ஸ்கைஸ்’ வேகமானது.

ஆகவே இலங்கை முதலிடம், அதிலும் ஸீரோக்கள் முதலில். கேட் விமானங்களின் பச்சை காய்ந்துகொண்டிருக்கும் நேரங்களில் கொரியாவின் வெள்ளி வேலையைச் செய்துகொள்ளலாம். பி-29 வாங்கும் எண்ணத்தை மட்டும் அதுவரை தள்ளிவைக்க வேண்டும். ஹைன்கல்கள் பிரைமருடனேயே இருக்கட்டும். உடன் ஆடும் எவரேனும் ஜெர்மானியத் தரப்பை ஏற்றுப் பாதி அணியைப் பூச முன்வந்தால் பிரிட்டன் உடனே இரண்டாம் இடத்துக்கு ஏறும். வராவிட்டால், அதன் முறை திருகோணமலையும் ஹெர்மிஸும் ஆடி முடிந்த பிறகுதான்.