ஊழியர்களுக்கான தகவல் பாதுகாப்புப் பட்டறை: யாழ்ப்பாணத்தில் பெற்ற ஒரு சேவை பற்றிய மதிப்பீடு

எங்கள் நிறுவனத்தின் ஊழியர்களுக்காக யாழ்ப்பாண நகரில் ஒழுங்கு செய்த ஒருநாள் தகவல் பாதுகாப்புப் பட்டறையை, வாடிக்கையாளர் விவரங்களைக் கையாளும் எந்த அலுவலகத்துக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். விதி தெரிந்திருந்தும் ஊழியர் ஏன் அதை மீறுகிறார் என்ற கேள்வியில் இருந்தே வளவாளர் தொடங்கினார். கருமபீடத்தில் ஒருவருடைய கடவுச்சொல்லைப் பலர் பாவிப்பது, அடையாள அட்டைப் படங்களை வைபரில் அனுப்புவது எல்லாம் வரிசையில் நிற்பவரை விரைவாக அனுப்ப வேண்டிய நெருக்கடியால்தான் நடக்கின்றன என்பதை எங்கள் ஆட்களே மனந்திறந்து சொன்னார்கள்.

மிகவும் பயன்பட்டது தொலைபேசிப் பயிற்சி. "தங்கச்சி, நான் கனடாவிலை இருந்து கதைக்கிறன். அம்மாவின்ரை கணக்குக்குக் காசு வந்திட்டுதோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்று வளவாளர் கேட்டதும், இளம் ஊழியர் ஒருவர் விவரத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டார். ஊரும் உறவும் சொல்லிக் கேட்பவரிடம் மறுப்பது இங்கு மரியாதைக் குறைவாகப் படுவதால், "பதிவிலை இருக்கிற அம்மாவின்ரை நம்பருக்கு நானே எடுத்துச் சொல்லுறன், அண்ணை" என்ற மறுமொழியை வாய்க்குப் பழகும்வரை எல்லோரையும் சொல்லவைத்தார்.

சம்பளச் சிட்டையை அடையாள அட்டை இலக்கத்தையே கடவுச்சொல்லாக வைத்துப் பூட்டி மின்னஞ்சலில் அனுப்பும் வழக்கத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. புதிய 12 இலக்க எண்ணில் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். பிறந்த திகதி தெரிந்தவருக்கு மிஞ்சுவது ஐந்து இலக்கங்களே என்பதை அவர் பலகையில் எழுதிக் காட்டியபோது எங்கள் கணக்குப் பிரிவே அமைதியாகிவிட்டது. கடவுச்சொல்லைக் காலக்கெடு வைத்து மாற்றும்படி வற்புறுத்த வேண்டாம் என்று தொழில்நுட்பத் தரநிலைகளை வகுக்கும் அமெரிக்க அரசு நிறுவனமான நிஸ்ட் (NIST) 2017இல் வெளியிட்ட வழிகாட்டலையும் விளக்கினார். வற்புறுத்தினால் பழைய சொல்லின் கடைசியில் ஓர் எண்ணைக் கூட்டிவிட்டுப் போவதுதானே நடக்கிறது.

தனிநபர் தரவுப் பாதுகாப்பு பற்றிய 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தை மாலையில் அவசரமாகக் கடந்தது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, முகாமையாளர்கள் கட்டாயம் வர வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் கேட்காதது. பட்டறைக்கு வராத எங்கள் முகாமையாளர் ஒருவர், சில நாட்களிலேயே, விடுமுறையில் இருந்த ஊழியரைத் தொலைபேசியில் அழைத்து அவருடைய கடவுச்சொல்லைக் கேட்டார். மேலதிகாரி கேட்கும்போது மறுக்கும் துணிவை எந்த வகுப்பாலும் ஒரு கனிஷ்ட ஊழியருக்குக் கொடுத்துவிட முடியாது. ஆகவே, இந்தச் சேவையைப் பெற எண்ணுபவர்கள் பதிவு செய்யும்போதே முகாமையாளர்களின் பெயர்களைப் பட்டியலின் முதலில் எழுதிக் கொடுங்கள். ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் வேலை பார்க்கும் நாட்களுக்குத் கணினியில் தனித்தனிப் பயனர் கணக்குகளை எப்படி ஒழுங்கு செய்வது என்பதையும் பாடத்தில் சேர்க்கும்படி கேளுங்கள்.