பள்ளி அலமாரியா, கிளை நூலகமா? கொங்குப் பிள்ளைகளின் வாசிப்புக்கு எது துணை

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் ஒரு குழந்தையின் கைக்குக் காசு அதிகம் செலவழிக்காமல் கதைப்புத்தகம் வந்துசேர மூன்று வழிகள் உள்ளன: பள்ளி நூலகம், பொது நூலகத் துறையின் கிளை அல்லது ஊர்ப்புற நூலகம், ஊராட்சி நூலகம். மூன்றாவதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். 2006க்குப் பின் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் கட்டப்பட்ட அந்தக் கட்டடங்களில் பல இன்று பொறுப்பாக ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கின்றன. ஆகவே போட்டி மற்ற இரண்டுக்கும் இடையேதான்.

எழுத்துக்கூட்டிப் படிக்கும் பருவத்தில், ஏறக்குறைய மூன்றாம் வகுப்பு முடியும்வரை, பள்ளிதான் மேல் என்பது என் கணிப்பு. ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் குழப்பி ‘கெண்டை’யைக் ‘கேண்டை’ என்று வாசிக்கும் பிள்ளை யார், எழுத்தெல்லாம் தெரிந்தும் வாக்கியத்தின் பாதியிலேயே மூச்சுவாங்கி நின்றுவிடும் பிள்ளை யார் என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியும். மாலையில் எப்போதாவது எட்டிப்பார்க்கும் பிள்ளையைப் பற்றி நூலகருக்கு அது தெரிய வழியில்லை. அரசுப் பள்ளிகளுக்காகப் பள்ளிக் கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறுநூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் வந்ததால், பிள்ளை எந்த வகுப்பில் இருந்தாலும் அதன் வாசிப்பு எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கிருந்தே தொடங்க முடிகிறது. கிளை நூலகங்களின் சிறுவர் அடுக்கிலோ பெரும்பாலும் பொடி எழுத்தில் அச்சிட்ட நீதிக்கதைகளே கிடைக்கின்றன; புதிதாக வாசிக்கத் தொடங்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு அவை உதவுவதில்லை.

பள்ளிக்கு இன்னொரு பலமும் உண்டு. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் தமிழ் கற்கின்றனர். ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் அந்தப் பெற்றோர் நூலகத்தைத் தேடிப்போய்ப் பிள்ளையை உறுப்பினராகச் சேர்ப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறிக்காரர் வீடுகளிலும் நிலைமை பெரிதும் வேறல்ல.

ஆனால் பள்ளி நூலகத்தின் குறை அதன் பீரோவில் இருக்கிறது. சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் நூலக மானியம் உண்டு. புத்தகம் வருகிறது, இருப்புப் பதிவேட்டில் ஏறுகிறது, பின்பு பூட்டுக்குள் போய்விடுகிறது. “சார், இத வூட்டுக்குக் கொண்டுபோலாங்களா?” என்று கேட்கும் பிள்ளைக்கு, “தொலச்சுப்போட்டா தணிக்கைக்கு யாரு பதில் சொல்றது?” என்பதே பல இடங்களில் மறுமொழி. ஆசிரியரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை: பெரும்பாலான பள்ளிகளில் நூலகர் என்று தனியாக ஒருவர் கிடையாது, கூடுதல் பொறுப்பாகத்தான் ஆசிரியர் சாவியை வைத்திருக்கிறார். கால அட்டவணையில் உள்ள நூலகப் பாடவேளையும் தேர்வு நெருங்கினால் கணக்குக்குப் போய்விடும்.

வாசிக்கத் தெரிந்த பிள்ளை அந்தப் பழக்கத்தை விடாமல் இருப்பதற்குப் பொது நூலகமே ஏற்றது. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாக வசூலாகிறது. வீட்டு வரி கட்டும் ஒவ்வொரு குடும்பமும் இந்தப் புத்தகங்களுக்கு ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டது என்பதைப் பெற்றோரில் எத்தனை பேர் அறிவார்கள்? வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் ஞாயிற்றுக்கிழமை நூலகம் திறந்திருக்கிறது. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்வது அங்கே சலுகையன்று, உறுப்பினரின் உரிமை. எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளி பீரோ பூட்டியிருக்கும் மே மாதத்திலும் அது திறந்திருக்கிறது. ஓராண்டு பாடுபட்டுப் பெற்ற சரளம் கோடை விடுமுறையில் கரைந்துபோவதை ஜூன் மாத வகுப்பறையில் எந்த ஆசிரியரும் காண்பார்.

இதிலும் குறை இல்லாமலில்லை. மாவட்ட மைய நூலகங்களைப் போலச் சிறுவருக்குத் தனிப் பகுதி கிளை நூலகங்களில் அரிது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் மேசையை நிறைத்திருக்கையில், வாய்விட்டு வாசித்துப் பழக வேண்டிய குழந்தையை “சத்தம் போடாதே” என்று அடக்குவதே வழக்கமாகிவிட்டது. தாளவாடி மலைக் கிராமங்களுக்கும் வால்பாறை எஸ்டேட் குடியிருப்புகளுக்கும் இந்த ஒப்பீடே பொருந்தாது. நூலகத்துக்கு பஸ் பிடித்துப் போகவேண்டிய இடத்தில் பள்ளி பீரோவைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டும் நடக்கும் தொலைவில் இருக்கும் ஊர்களில், நான்காம் வகுப்பிலேயே பிள்ளைகளைக் கூட்டமாகக் கிளை நூலகத்தில் உறுப்பினராக்கிவிடுவது நல்லது. உறுப்பினராகக் கட்டவேண்டிய சிறு தொகையை ஆசிரியரோ ஊர்ப் பெரியவரோ ஏற்றுக்கொள்வது இந்தப் பக்கத்தில் புதிதும் அன்று. விண்ணப்பங்களை முழு ஆண்டுத் தேர்வுக்கு முன்பே வாங்கிவிட வேண்டும். விடுமுறை விட்டு ஆத்தா வீட்டுக்குப் புறப்பட்ட பிள்ளைகளைப் பிறகு பிடிக்க முடியாது.