பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா: மெஷினுக்கு ஓகே, ஆர்டருக்கு இல்லை

அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் வழி இயங்கும் சிஎன்சி மெஷின்கள் உள்ள ஒரு சின்ன ஷெட், கார் கம்பெனிகளுக்கு சப்ளை செய்யும் பெரிய வெண்டர்களிடம் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறோம், அந்தக் கண்ணோடுதான் சின்ன யூனிட்களுக்கான இந்த சொத்துக் காப்பீட்டு பாலிசியைப் பார்க்கிறேன். 2021 ஏப்ரலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ கொண்டுவந்தது. ஒரே இடத்தில் 5 கோடி ரூபாய்க்குள் சொத்து உள்ள யூனிட்களுக்கானது, யாரிடம் வாங்கினாலும் அடிப்படை விதிகள் ஒன்றுதான்.

வெள்ளமும் புயலும் பாலிசிக்குள்ளேயே வந்துவிடுகின்றன. சொத்து மதிப்பைக் கொஞ்சம் குறைத்துக் காட்டியிருந்தாலும் 15 சதவீதம் வரை அதைக் காரணம் காட்டி இழப்பீட்டை வெட்ட மாட்டார்கள். இது பெரிய விஷயம், விலைவாசி ஏறுகிற வேகத்தில் மெஷின் மதிப்பை வருஷா வருஷம் யார் சரியாக எழுதுகிறார்கள்?

சரி, குறைக்கு வருவோம். தண்ணீர் புகுந்தால் ஸ்பிண்டில் மோட்டாருக்குப் பணம் வரும், ஓடாமல் நின்ற நாட்களின் வருமானத்துக்கு வராது. நம் அடி அங்கேதான். மிக்ஜாம் புயலுக்குப் பிறகு இழப்பை மதிப்பிடும் சர்வேயர் வந்து, பேப்பர் நகர்ந்து, மெஷின் திரும்ப ஓடுவதற்குள் நாங்கள் செய்துவந்த பார்ட் ஒன்றின் ஆர்டர் வேறு ஊர் வெண்டருக்குப் போய்விட்டது, திரும்பி வரவே இல்லை. இஎம்ஐ மட்டும் தேதி தவறாமல் வந்தது.

வெள்ளம் வந்தால் வெளிநாட்டு முதலீடு ஓடிவிடும் என்று டிவியில் பேசுவார்கள். எங்கே ஓடியது? 2023 டிசம்பரில் சென்னை மூழ்கியது, அடுத்த மாதமே முதலீட்டாளர் மாநாட்டில் 6.64 லட்சம் கோடிக்கு ஒப்பந்தம், அதில் ஹூண்டாய் மட்டும் 6,180 கோடி. அதே டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி தூத்துக்குடி மாவட்டமே தத்தளித்தது, மூன்று வாரத்தில் அதே தூத்துக்குடிக்கு வியட்நாம் மின்சாரக் கார் கம்பெனி வின்ஃபாஸ்டின் முதலீட்டு அறிவிப்பு வந்தது. பெரியவர்களால் மேட்டு நிலமாகப் பார்த்து மண் கொட்டி உயர்த்த முடியும், உற்பத்தி நின்றால் லாப இழப்புக்கும் காப்பீடு எடுக்க முடியும். சப்ளை வரிசையில் எங்களைப் போல மூன்றாம் அடுக்கில் இருக்கிற ஷெட் சத்தமில்லாமல் மூடினால் அது எந்த முதலீட்டுக் கணக்கிலும் வராது, வேலை போனவர்களுக்குத்தான் தெரியும்.

என் மதிப்பெண் 5-க்கு 3. எடுக்காமல் இருக்காதீர்கள், ஆனால் லாப இழப்புக்குத் தனி காப்பீடு கிடைக்குமா என்று ஏஜென்ட்டை விடாமல் கேளுங்கள். அப்புறம், ஜாப் ஒர்க்குக்கு வந்திருக்கும் கஸ்டமரின் காஸ்டிங்கும் (உலோக வார்ப்பு) ஷெட்டில் இருக்கிறது என்பதைப் பாலிசியில் எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.