மண்ணைச் சூடாக்கிச் சுத்தம் செய்யும் சேவை: சூரமங்கலம் மனையில் செய்து பார்த்த வகையில் என் மதிப்பீடு

சேலத்தில் பழைய பட்டறை மனையை விற்க நினைக்கிறவர்கள் யாராவது ஒருவர் இதைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். சூரமங்கலம் பக்கம் என் மாமனாருக்கு ஒரு மனை உண்டு. அதில் பல வருஷம் உலோகப் பட்டறை வாடகைக்கு ஓடியது. ஒரு பக்கம் இரும்பு உதிரிபாகங்களின் கிரீஸ் போக டிரைகுளோரோஎத்திலீனில் முக்கி எடுப்பார்கள், பின்பக்கம் குரோம் பிளேட்டிங். பட்டறை காலியானதும் வாங்க வந்தவர் மண் பரிசோதனை ரிப்போர்ட் கேட்டார், எடுத்தோம், இரண்டு சரக்கும் மண்ணில் இருந்தது. மனிதர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

தோண்டி எடுத்துக் கொட்டிவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் டிரைகுளோரோஎத்திலீன் தண்ணீரை விடக் கனமானது, மேலே மிதக்காது, களிமண் வழியாக இறங்கிப் பாறை வரைக்கும் போய் உட்கார்ந்துவிடும். அவ்வளவு ஆழம் தோண்டினால் பக்கத்து வீட்டு அஸ்திவாரம் என்ன ஆகும்? தோண்டும்போது கிளம்பும் ஆவி தெருவுக்குத்தான் வரும், அது புற்றுநோய் தரும் ரசாயனம் என்பதில் இப்போது சந்தேகமே இல்லை. அப்புறம் அந்த மண்ணைக் கண்ட குழியில் கொட்டவும் முடியாது, கும்மிடிப்பூண்டியில் இருக்கும் அபாயக் கழிவு மையம் மாதிரி ஓர் இடத்துக்கு லாரி லாரியாக அனுப்ப வேண்டும்.

சரி, சூடாக்கும் முறைக்கு வருவோம். மனையில் சில மீட்டர் இடைவெளியில் துளை போட்டு இரும்புக் குழாய் இறக்கி, உள்ளே ஹீட்டர் கம்பி விடுகிறார்கள். கம்பி பழுக்கக் காயும், அந்தச் சூடு மண்ணுக்குள் மெதுவாகப் பரவும், நடுவே இருக்கிற மண் 100 டிகிரி வரை வரும். இந்த டிரைகுளோரோஎத்திலீன் தனியாகக் கொதிப்பது 87 டிகிரியில். தண்ணீரோடு சேர்ந்திருந்தால் 73 டிகிரியிலேயே இரண்டும் ஒன்றாகக் கொதிக்க ஆரம்பித்துவிடும். ஊட்டியில் நீலகிரித் தைலம் காய்ச்சுவதும் இதே வித்தைதான், நீராவி எண்ணெயைக் கூடவே கூட்டிக்கொண்டு வந்துவிடும். மேலே கான்கிரீட் மூடி, அதன் கீழே உறிஞ்சு குழாய்கள், வரும் ஆவியைக் குளிர வைத்து நீரைப் பிரித்து, மிச்சக் காற்றை ஆக்டிவேட்டட் கார்பன் (ரசாயன ஆவியைப் பிடித்துவைக்கும் கரி) டிரம்களில் விட்டு வெளியேற்றுகிறார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம், இது களிமண்ணிலும் வேலை செய்வதுதான். காற்றையோ தண்ணீரையோ செலுத்திக் கழுவும் முறைகள் மணலில் ஓடும், களியில் நின்றுபோகும். மணலுக்கும் களிக்கும் நீர் புகும் வேகத்தில் பத்து லட்சம் மடங்கு வித்தியாசம்கூட இருக்கலாம், வெப்பம் பரவுவதில் அந்த வித்தியாசம் சில மடங்குதான். அதனால் சந்து பொந்து பார்க்காமல் சூடு போய்ச் சேர்கிறது.

இதே வித்தை பெரிய அளவில் எங்கே நடந்தது என்றால் வியட்நாமில், டா நாங் விமான நிலையத்தில். போர்க்காலத்தில் தேங்கிய டையாக்சின் என்ற கொடிய நச்சு கலந்த மண்ணைத் தோண்டிக் குவித்து, பெரிய கான்கிரீட் பெட்டிக்குள் 335 டிகிரிக்கு மேல் காய்ச்சினார்கள், சுமார் 90,000 கன மீட்டர், 2018-இல் முடிந்தது. நமக்கு அவ்வளவு சூடு தேவைப்படவில்லை.

வந்த கம்பெனியின் பெயரை எழுதவில்லை, ஏனென்று கீழே புரியும். முதலில் நல்லது. மனை முழுவதற்கும் கொட்டேஷன் கேட்டேன், அவர்கள் பாதிக்குத்தான் கொடுத்தார்கள். "குரோம் பக்கம் நாங்க தொடமாட்டோம் சார், அது உலோகம், என்ன சூடு வெச்சாலும் ஆவியாகாதுங்க, உங்க காசுதான் ஆவியாகும்" என்று அந்த இன்ஜினியர் பையன் நேராகவே சொன்னான். பெரஸ் சல்பேட் கலந்து குரோமியத்தை விஷம் குறைந்த வடிவத்துக்கு மாற்றும் வேலையை வேறு ஆட்களிடம் கொடுங்கள் என்றும் சொன்னான். வேறு ஒருவர் மொத்த மனைக்கும் சேர்த்து விலை போட்டிருந்தார், அதை அப்போதே ஒதுக்கிவிட்டேன்.

ஐப்பசியில் ஆரம்பிக்கலாம் என்று நான் அவசரப்பட்டதற்கும் மறுத்தார்கள். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் ஊறி வந்தால் போடுகிற சூடெல்லாம் அதைக் காய்ச்சவே போகும். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க மட்டுமே 0.6 யூனிட்டுக்கு மேல் கரண்ட் வேண்டும், ஒரு கன மீட்டர் ஈர மண்ணில் 200 லிட்டருக்கு மேல்கூடத் தண்ணீர் இருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள். பொங்கல் முடிந்துதான் ஹீட்டர் போட்டார்கள்.

இனி குறைகள். கரண்ட் பில் கொட்டேஷனில் இல்லை. "மின்சாரம் வாடிக்கையாளர் பொறுப்பு" என்று ஒரு வரி கடைசிப் பக்கத்தில் இருந்தது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, வந்த தொகையைப் பார்த்து மாமனார் அன்று சாப்பிடவே இல்லை. தனி லோடு, தனி டிரான்ஸ்பார்மர், அதற்கு அலைச்சல் வேறு. சாக்கடை ஓடும் மூலையில் மட்டும் வெப்பம் ஏறவே மாட்டேன் என்றது, தண்ணீர் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது, பம்ப் வைத்து இறைத்ததற்குக் கூடுதல் பில். உறிஞ்சும் புளோயர் ராத்திரியிலும் நிற்காது. பக்கத்து வீட்டம்மா ஒருநாள் காம்பவுண்டு மேல் எட்டிப் பார்த்து, "ஏம்ப்பா, பூமிக்குள்ள அடுப்பு வெச்சிருக்கீங்களாம், எங்க வீடு இறங்கிடாதா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது, களிமண் காய்ந்தால் சுருங்கும். நான் சொன்ன பிறகுதான் அவர் சுவரில் அளவுக்குறி ஒட்டினார்கள், நல்லவேளை எதுவும் நகரவில்லை. காம்பவுண்டு ஓரத் தென்னை மட்டும் கருகிப் போய்விட்டது.

சாம்பிள் எடுத்த விதத்துக்கு முழு மார்க். சூடான மண்ணைத் திறந்து எடுத்தால் ரசாயனம் காற்றில் போய், ரிப்போர்ட் பொய்யாகச் சுத்தம் காட்டும். இவர்கள் உலோகக் குழாயோடு எடுத்து, இரண்டு முனையும் மூடி, ஐஸில் ஆற வைத்த பிறகே திறந்தார்கள். அதுவும் இரண்டு ஹீட்டருக்கு நட்டநடுவில், சூடு கடைசியாக வந்து சேரும் இடத்தில். ரிப்போர்ட் நன்றாக வந்தது, மூலையில் ஓரிடம் தவிர. அந்த மூலையை மறுபடி காய்ச்சினார்கள், இதற்குத் தனிக் காசு வாங்கவில்லை.

யாராவது எடுப்பதாக இருந்தால், ஹீட்டரைப் பற்றிக் கேட்பதை விட ஆவி எங்கே போகிறது என்று கேளுங்கள். கார்பன் டிரம் எந்த மையத்துக்குப் போனது என்று காட்டும் மேனிஃபெஸ்ட் (கழிவு அனுப்பிய சீட்டு) நகலைக் கையில் வாங்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். 2025 ஜூலையில் மாசுபட்ட இடங்களுக்கென்றே மத்திய அரசு விதிகள் கொண்டுவந்திருக்கிறது, இனி இந்தக் காகிதங்களுக்கு மதிப்பு கூடத்தான் செய்யும். இன்னொன்று, இது மண்ணுக்கான வைத்தியம். சேலத்தில் கொஞ்ச ஆழத்திலேயே பாறை வந்துவிடும், பாறை வெடிப்புக்குள் இறங்கியதை இந்த ஹீட்டர் எடுத்துவிட்டது என்று நம்பி யாரும் போர்வெல் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். நாங்கள் போர்வெல்லைப் பூட்டித்தான் வைத்திருக்கிறோம்.

ஐந்துக்கு மூன்றரை. வேலைக்கு நாலரை கொடுப்பேன், பில் போட்ட விதத்துக்கு ஒன்று குறைத்துக்கொண்டேன். வெப்பம் பார்க்கப் போட்ட குழாய்கள் இன்னும் தரைக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கின்றன, சிமென்ட் விட்டு மூடித் தருவதாகச் சொன்னவர்கள் வரவில்லை. வந்தால் அரை மார்க் சேர்த்து இங்கேயே திருத்திவிடுகிறேன்.