முகத்துக்கு நேரே சொல்வதா, சிரித்து நழுவுவதா? பிலிப்பைன்ஸில் இரண்டு வகை மரியாதை

மணிலாவிலோ செபுவிலோ குடியேறும் அமெரிக்கரும் ஐரோப்பியரும் முதலில் முட்டிக்கொள்வது மறுப்பு சொல்லும் விஷயத்தில்தான். வர முடியாது என்றால் நேராகச் சொல்லிவிடுவதுதான் அவர்களுக்கு நாகரிகம், உள்ளூர்க்காரருக்கோ அது எதிராளியைச் சங்கடப்படுத்துவது, அதனால் "முயற்சி செய்கிறேன்" என்று சிரித்தபடி சொல்லிவிட்டு வராமலே இருந்துவிடுவார், வெளிநாட்டவர் அதைப் பொய் என்று எடுத்துக்கொண்டு கொதிப்பார். கொதித்தால் இன்னும் மோசம். சொந்த ஊரில் கடையில் குரலை உயர்த்தினால் மேலாளர் ஓடி வரலாம், இங்கே பலர் முன்னால் ஒருவரை அவமானப்படுத்தியதாகிவிடும், அப்புறம் வேலை நகராது. இதில் என் ஓட்டு உள்ளூர்க்காரருக்கே.

சரி, எல்லாவற்றிலும் சுற்றி வளைப்பார்களா? இல்லை. "குண்டாகிவிட்டாயே", "இன்னும் கல்யாணம் ஆகவில்லையா" என்பதெல்லாம் சாதாரண விசாரிப்பு, வெளிநாட்டவருக்கோ அத்துமீறல்.

பெரியவர்களிடம் பேசும்போது வாக்கியத்துக்கு வாக்கியம் 'போ' என்ற மரியாதைச் சொல்லைச் சேர்ப்பார்கள், அவர்கள் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்து வணங்குவார்கள். வந்தவரோ அறுபது வயதுக்காரரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். புருவத்தைத் தூக்கினால் ஆமாம், ஒரு பக்கமாக உதட்டைக் குவித்தால் அந்தப் பக்கம் என்று அர்த்தம், பதில் கிடைத்ததே தெரியாமல் மறுபடி கேட்பவர்கள் உண்டு.

பலர் சேர்ந்து போகும் ஜீப் போன்ற வண்டியான பழைய ஜீப்னியில் பின்னால் இருப்பவர் நீட்டும் காசை ஓட்டுநர் வரை கைமாற்றிவிடுவது பயணிகளின் பொறுப்பு. காதில் ஹெட்போனுடன் உட்கார்ந்திருக்கும் புதியவருக்கு அது தெரியவே தெரியாது.