டைனர் மெனுவில் எதைக் கேட்பது: கல்லில் வெந்ததா, காத்திருந்து வந்ததா?

டைனர் எனப்படும் அமெரிக்கச் சாலையோர எளிய உணவகத்தின் மெனு, கல்யாண ஆல்பம் போலக் கனமாக, பிளாஸ்டிக் உறையிட்ட பத்துப் பன்னிரண்டு பக்கங்களோடு மேசைக்கு வந்து சேரும். முட்டை வகைகளில் தொடங்கி, சாண்ட்விச், பர்கர், கிரேக்க சூவ்லாக்கி, இத்தாலியப் பாஸ்தா, வறுத்த கணவாய், ஸ்டேக், இறால் என்று அது எங்கெங்கோ சுற்றிவந்து, கடைசிப் பக்கத்தில் சீஸ்கேக்கில் நிற்கும். இவற்றில் பெரும்பாலானவை காலை ஆறு மணிக்கும் கிடைக்கும், நள்ளிரவிலும் கிடைக்கும். நியூ ஜெர்ஸிக்குக் குடிவந்த புதிதில், ஒரே சமையலறை இத்தனையையும் எப்படிச் செய்கிறது என்று எனக்கு வியப்பாக இருந்தது. மேசையை விட்டுக் கவுன்ட்டருக்கு எதிரே உள்ள சுழல் நாற்காலியில் உட்காரத் தொடங்கிய பிறகுதான், அந்தச் சமையலறை எல்லாவற்றையும் ஒரே அக்கறையோடு செய்வதில்லை என்பது புரிந்தது.

காரணம் டைனரின் பிறப்பிலேயே இருக்கிறது. 1872-இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில், வால்டர் ஸ்காட் என்பவர் குதிரை வண்டி ஒன்றைப் பத்திரிகை அலுவலகத்தின் அருகே நிறுத்தி, இரவு வேலை பார்ப்பவர்களுக்குச் சாண்ட்விச்சும் காப்பியும் விற்றார். அந்த வண்டியே வளர்ந்து, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தொழிற்சாலையில் செய்து முடிக்கப்பட்ட கட்டடமாகவே சாலையோரத்தில் வந்து இறங்கலாயிற்று. நியூ ஜெர்ஸியின் ஜெரி ஓமஹோனி நிறுவனம் போன்றவை இந்தத் தொழிலில் பேர் பெற்றிருந்தன. எங்கோ செய்து எங்கோ கொண்டுபோய் வைக்க வேண்டிய கட்டடமாதலால் அது ரயில் பெட்டியைப் போல ஒடுக்கமாகத்தான் இருக்க முடிந்தது. ஒடுக்கமான இடத்தில் பல அடுப்புகள் வைக்க வழியில்லை. எனவே கவுன்ட்டருக்குப் பின்னால், நம் ஊர்ப் பரோட்டாக் கல்லை நீளவாக்கில் இழுத்துவிட்டாற்போன்ற ஓர் எஃகுத் தகடும், அதன் முன்னால் ஒரு சமையல்காரரும் நின்றார்கள். இன்றைய டைனர்கள் பலவற்றுக்குப் பின்புறம் பெரிய சமையலறை இருந்தாலும், அவற்றின் கைத்திறன் இன்னும் அந்தக் கல்லைச் சுற்றியேதான் நிற்கிறது. ஆகவே இரண்டு பண்டங்களுக்கிடையே எனக்குத் தயக்கம் வரும்போது, எது கல்லிலேயே தொடங்கிக் கல்லிலேயே முடிகிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறேன். விதிவிலக்குகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

காலை நேரத்தின் முதல் போட்டி பேன்கேக்குக்கும் பிரெஞ்சு டோஸ்ட்டுக்கும். இரண்டுமே கல்லில்தான் வேகின்றன என்பதால் இங்கே கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பேன்கேக் மாவு உப்புவதற்குக் காரணம், மோரின் புளிப்பும் சமையல் சோடாவும் சேரும்போது உண்டாகும் கரியமில வாயு. நம் தோசை மாவு நேரம் ஆக ஆகப் புளித்துப் பக்குவப்படும். இந்த மாவோ கலக்கிய நொடியிலிருந்தே வாயுவை இழந்துகொண்டிருக்கும். காலை எட்டு மணிக் கூட்டத்தில் மாவு வாளி விரைவாகக் காலியாகி அடிக்கடி புதிதாகக் கலக்கப்படுவதால், அப்போது வரும் பேன்கேக் விரலால் அழுத்தினால் மீண்டு எழும். அதே கடையில் மாலை நான்கு மணிக்குக் கேட்டால், சப்பையாக, ஈரமாக, நடுவில் மாவு வாடையோடு வருவதற்கும் இடமுண்டு. பிரெஞ்சு டோஸ்ட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. நியூ யார்க், நியூ ஜெர்ஸி வட்டாரத்தில் யூதர்களின் ஹாலா ரொட்டியைத் தடியாக வெட்டி, முட்டையும் பாலும் கலந்த கலவையில் ஊறவைத்துக் கல்லில் போடுகிறார்கள். முந்தைய நாள் ரொட்டியாக இருந்தால் இன்னும் நன்றாக உறிஞ்சும். ஆகவே முற்பகலில் பேன்கேக், அதற்குப் பிறகு பிரெஞ்சு டோஸ்ட் என்பது என் வழக்கம். எதைக் கேட்டாலும், மேசையில் சும்மா வைத்திருக்கும் பாகு பெரும்பாலும் சோளச் சர்க்கரைப் பாகு என்பதை நினைவில் கொள்ளவும். உண்மையான மேப்பிள் பாகு ஒரு லிட்டர் எடுக்க ஏறத்தாழ 40 லிட்டர் மரச்சாறு காய்ச்ச வேண்டும். எனவே அதற்குத் தனியாகக் காசு கேட்பதில் நியாயம் இருக்கிறது, கொடுப்பதிலும் பயன் இருக்கிறது.

இனிப்பில்லாமல் காலையைத் தொடங்க விரும்புபவர்கள் முட்டைக்குத்தான் வர வேண்டும். சர்வர் கேட்கும் கேள்விக்கு நம் ஊர்ச் சொற்களைக் கொண்டே விடை சொல்லிக்கொள்ளலாம்: ‘சன்னி சைட் அப்’ என்பது நமது ஆஃப்பாயில், ‘ஓவர் ஹார்ட்’ என்பது ஃபுல்பாயில், ‘ஓவர் ஈஸி’ என்பது திருப்பிப் போட்டும் மஞ்சள் கரு உடையாமல் ஓடும் நிலையிலேயே எடுத்தது. மூன்றிலும் ஓவர் ஈஸிதான் சமையல்காரரின் மணிக்கட்டைக் காட்டிக்கொடுக்கும். கூட வரும் உருளைக்கிழங்கில் அமெரிக்கா இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. துருவிய கிழங்கைக் கல்லில் பரப்பி அழுத்தி மொறுமொறுப்பாக எடுப்பது ஹாஷ் பிரவுன். தெற்கு மாநிலங்களில் அதற்குத்தான் மவுசு, ஜார்ஜியாவில் 1955-இல் தொடங்கிய வாஃபிள் ஹவுஸ் உணவகங்கள் அதைக் கொண்டே பெயரெடுத்தன. வேகவைத்த கிழங்கைத் துண்டுகளாக்கி, வெங்காயமும் குடைமிளகாயும் சேர்த்துப் புரட்டுவது ஹோம் ஃபிரைஸ். வடகிழக்கின் டைனர்களில் கேட்காமலே வருவது அதுதான். சுவையில் ஹோம் ஃபிரைஸ் ஒரு படி மேல் என்பேன். ஆனால் அது கல்லின் ஓரத்தில் குவியலாகக் கிடந்து, வேர்த்து, தொய்ந்து போகும் பண்டம். ‘வெல் டன்’ என்று ஒரு சொல் சேர்த்துக் கேட்டால் உங்கள் பங்கை மட்டும் நடுக்கல்லுக்கு இழுத்து மறுபடி முறுகவிடுவார்கள். அந்தச் சொல்லைச் சொல்லத் தயங்குபவர்கள் ஹாஷ் பிரவுன் கிடைக்கும் கடையைத் தேடிப் போவதே நல்லது.

நியூ ஜெர்ஸிக்கே உரிய வேறொரு போட்டியும் உண்டு. முட்டையும் சீஸும் வைத்த ரொட்டிக்குள் பேக்கன் எனும் உப்பிட்ட பன்றியிறைச்சிக் கீற்று வைப்பதா, போர்க் ரோல் வைப்பதா என்பது. போர்க் ரோல் என்பது டிரென்டன் நகரின் ஜான் டெய்லர் 1856-இல் உருவாக்கிய பன்றியிறைச்சிப் பண்டம். 1906-இன் உணவுச் சட்டத்துக்குப் பிறகு அதை ‘ஹாம்’ என்று அழைக்க முடியாமற்போயிற்று என்றாலும், மாநிலத்தின் வடபாதி இன்றுவரை டெய்லர் ஹாம் என்றுதான் சொல்கிறது. தென்பாதி போர்க் ரோல் என்கிறது. இந்தச் சண்டை ஓய்வதாயில்லை. வில்லையின் விளிம்பில் கத்தியால் கீறிவிட்டுத்தான் கல்லில் போடுவார்கள், இல்லாவிட்டால் சூட்டில் கிண்ணம் போலக் குழிந்துகொள்ளும். பேக்கன் அமெரிக்கா முழுவதும் கிடைக்கும். எனவே இங்கே இருக்கும்போது இதையே கேட்கலாம்.

மதிய உணவுக்கு வந்தால், பலரும் யோசிக்காமல் பர்கர் கேட்டுவிடுகிறார்கள். மெனுவில் ‘டீலக்ஸ்’ என்று போட்டிருந்தால் பொரித்த உருளைக்கிழங்கும் இலைக்கோசும் தக்காளியும் சேர்ந்து வரும் என்று பொருள். டைனர் பர்கர் கெட்டதென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே கல்லில், அதே இறைச்சி வட்டில் செய்யப்படும் பேட்டி மெல்ட் பக்கத்து வரியிலேயே இருக்கும்போது பர்கரைக் கேட்பது எனக்கு வீணாகத் தோன்றுகிறது. பேட்டி மெல்ட்டை உருவாக்கிய பெருமையை லாஸ் ஏஞ்சலிஸில் உணவகம் நடத்திய டைனி நெய்லருக்குப் பொதுவாகக் கொடுக்கிறார்கள். பெயர் தெரியாதவர்கள் அதை ‘ரொட்டியில் வைத்த பர்கர்’ என்று ஒதுக்கிவிடுவார்கள். கவுன்ட்டரில் உட்கார்ந்து அது உருவாவதை ஒரு முறை பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

நான் வழக்கமாகப் போகும் கடையில் சமையல்காரர் காலையிலேயே ஒரு கூடை வெங்காயத்தை நீளவாக்கில் அரிந்து, கல்லின் சூடு குறைந்த இடது மூலையில் போட்டுவிடுவார். அது மணிக்கணக்கில் வதங்கி, நம் வீட்டில் பிரியாணிக்கு வறுக்கும் வெங்காயத்தின் நிறத்துக்குச் சற்று முன்னால், ஈரம் வற்றாமல் நிற்கும். ஆர்டர் வந்ததும் இறைச்சியை ரொட்டியின் நீள்வட்ட வடிவுக்கு ஏற்ப மெல்லியதாகத் தட்டி நடுக்கல்லில் போடுவார். தொடும் பரப்பு அதிகமாவதால் இறைச்சி சீக்கிரம் பொன்னிறத்தைத் தாண்டிப் பழுப்பாகும்; பிரெஞ்சு வேதியியலர் மயார் 1912-இல் விவரித்த அந்த வினைதான், தோசையின் முறுகலுக்கும் காப்பிக்கொட்டையின் மணத்துக்கும் காரணமானது. பிறகு ரை ரொட்டியின் இரு துண்டுகளிலும் வெண்ணெய் தடவிக் கல்லில் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஸ்விஸ் சீஸ் தகடு, ஒன்றில் வெங்காயம், அதன் மேல் இறைச்சி, மூடி, தோசைத் திருப்பியால் ஓர் அழுத்து. சீஸ் உருகி இருபுறமும் பசையாக ஒட்டிக்கொள்வதால், கடிக்கும்போது எதுவும் வெளியே சரிவதில்லை. ரை ரொட்டியில் இருக்கும் கேரவே விதையின் காரமணம், வெங்காயத்தின் இனிப்பை மட்டுப்படுத்துகிறது. பர்கரிலோ தடித்த வட்டு உள்ளே வேக நேரம் பிடிக்கும். குளிர்ந்த தக்காளி, மென்மையான பன், இரண்டும் இறைச்சியின் சாற்றில் நனைந்து ஐந்து நிமிடத்தில் குழைந்துவிடும். பர்கருக்குச் சாதகமாக ஒன்று சொல்லலாம்: உள்ளே இளஞ்சிவப்பாக வேண்டும் என்பவர்களுக்குப் பேட்டி மெல்ட்டின் மெல்லிய வட்டு இடங்கொடுக்காது. ஆனால் அரைத்த இறைச்சியை உள்ளே 71 டிகிரி செல்சியஸ் வரும்வரை வேகவைக்கச் சொல்வது அமெரிக்க வேளாண்துறையின் அறிவுரை என்பதால், அந்த இழப்பை நான் இழப்பாகக் கருதுவதில்லை.

விதிவிலக்குக்கு இப்போது வரலாம். மீட்லோஃப், சூடான வான்கோழிச் சாண்ட்விச் ஆகிய இரண்டும் கல்லுக்கு வெளியே பிறந்தவை. அரைத்த இறைச்சியை ரொட்டி வடிவில் பிடித்த மீட்லோஃப் காலையில் ஓவனில் சுட்டு, ஆவித்தொட்டியில் சூடாக வைக்கப்பட்டிருக்கும். நேரம் போகப் போக உலரும். வான்கோழிச் சாண்ட்விச் என்பது வெள்ளை ரொட்டியின் மேல் இறைச்சித் துண்டுகளை அடுக்கி, மசித்த கிழங்கும் சேர்த்து, மேலே தாராளமாகக் கிரேவி ஊற்றி, மூடாமல் தருவது. கத்தியும் முள்கரண்டியும் இல்லாமல் சாப்பிட முடியாது. இரண்டும் காத்திருந்த உணவுகள் என்றாலும், குழம்பில் மூழ்கிய ரொட்டி காத்திருப்பைப் பொறுத்துக்கொள்கிறது, மீட்லோஃப் பொறுப்பதில்லை. வான்கோழி முழுப்பறவையாகக் கடையிலேயே சுடப்பட்டதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். சர்வர் தயங்கினால் அது பெரும்பாலும் அச்சில் அழுத்திச் செய்த இறைச்சி உருளை. அப்போது மீட்லோஃபுக்கே மாறி, துண்டைக் கல்லில் இருபுறமும் முறுகலாக்கித் தரச் சொல்லலாம். மறுக்கிற கடையை நான் பார்த்ததில்லை.

மெனுவின் பின்பக்கங்களில் இருக்கும் கடலுணவு, பாஸ்தா ஆகியவற்றுக்கும் கல்லின் பண்டங்களுக்கும் இடையே ஒப்பீடே தேவையில்லை. நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில், மழை பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, ஏதோ ஒரு துணிச்சலில் சிங்கி இறால் வால் கேட்டேன். வெளியே ரப்பரும் உள்ளே பனிக்கட்டியுமாக வந்ததை, பக்கத்து நாற்காலியில் ஆம்லெட் சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரி ஓட்டுநர் இரக்கத்தோடு பார்த்தார்.

சைவர்களுக்குக் கணக்கு தலைகீழாகிறது. சீஸ் டோஸ்ட்டும் ஹோம் ஃபிரைஸும் பெயரளவில் சைவமே என்றாலும், பேக்கன் பொரிந்த அதே கல்லில்தான் அவையும் வேகின்றன. நடுவே சுரண்டித் துடைப்பார்களே தவிரக் கழுவுவதில்லை. இதைப் பொருட்படுத்துபவர்கள் கல்லை விட்டு ஓவனில் சுட்டவற்றுக்குப் போக வேண்டும். டைனர்களில் கணிசமானவற்றைக் கிரேக்கக் குடியேறிகள் நடத்துவதால், பசலைக்கீரையும் ஃபெட்டா சீஸும் மெல்லிய மாவு மடிப்புகளுக்குள் வைத்துச் சுட்ட ஸ்பனகோபிட்டா பல கடைகளில் கிடைக்கிறது. முட்டையும் வேண்டாம் என்பவர்கள் அதன் பூரணத்தில் முட்டை சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாசலருகே கண்ணாடிப் பெட்டியில் சுழலும் இனிப்புகளில், முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து மேலே குவித்த, ஓரடி உயர எலுமிச்சை மெரிங் பைதான் எல்லோரையும் இழுக்கிறது. ஆனால் அந்த உயரமெல்லாம் காற்று, இரண்டாவது நாள் அடியில் நீர் விட்டிருக்கும். சீஸ்கேக் அதைவிட நம்பகமானது, குளிரில் இருக்க இருக்க இறுகும் பண்டம். இரண்டையும் விட்டுவிட்டு நான் கேட்பது அரிசிப் புட்டிங். பெட்டியில் சுழலாது, மெனுவிலும் ஒரே வரியில் ஒதுங்கியிருக்கும். கிரேக்கர்களின் கடையென்றால், பாலில் குழைய வெந்த குட்டை அரிசி, மேலே இலவங்கப்பட்டைத் தூள், காலுள்ள கண்ணாடிக் கோப்பையில் சில்லென்று வரும். ஏலக்காய் போட மறந்த பால் பாயசம் போலிருக்கிறதே என்று முதல் கரண்டியில் தோன்றும். இரண்டாவது கரண்டிக்குள் பட்டையின் மணம் பழகிவிடும்.