கப்பலைச் சிறைப்பிடித்தால் யாருக்கு முதல் பணம்?

மாட்டுத்தாவணியில் காய்கறிக் கடை வைத்திருக்கிற என் மாமா, தூத்துக்குடியில் கப்பல்களுக்குச் சப்ளை செய்யும் ஒருவருக்கு வெங்காயமும் உருளைக்கிழங்கும் அனுப்புகிறார். மேலூர்ச் சித்தி மகன் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறை வேலை பார்க்கிறான். பொங்கலுக்குக் கூடியபோது இருவரும் கேட்டது ஒன்றுதான்: கப்பல்காரர் கடனில் மூழ்கினால் நம்ம பணம் என்னாகும்?

இருவர் நிலையும் ஒன்றல்ல. 2018 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கடல்சார் வழக்குச் சட்டப்படி, கோர்ட் உத்தரவால் சிறைப்பிடித்த, அதாவது நகரவிடாமல் நிறுத்திவைத்த கப்பலை விற்று வரும் பணத்தில் தம்பியின் சம்பளத்துக்கு முன்வரிசை. அப்புறம் உயிரிழப்பு, காயம். பிறகு ஆபத்திலிருந்து கப்பலை மீட்டவர் கூலி, துறைமுகக் கட்டணம், மோதல் சேதம். அதன் பிறகே அடமானம் வாங்கிய வங்கி. எரிபொருள், காய்கறி, ரிப்பேர் பாக்கியெல்லாம் வங்கிக்கும் பின்னால்தான்.

சம்பள உரிமை கப்பலோடு ஒட்டியது. முதலாளி மாறினாலும், கொடி மாறினாலும் 2 வருடம் விடாது. காய்கறி பாக்கிக்கு அந்த ஒட்டுதல் கிடையாது. கப்பல் விற்கப்பட்டுவிட்டால் அதைச் சிறைப்பிடிக்க வழியில்லை.

வாடகைக் கப்பலில்தான் சிக்கல் அதிகம். கால வாடகை என்பது டிரைவரோடு கார் எடுப்பது மாதிரி: மாலுமிகள் சம்பளம், சாப்பாடு முதலாளி பொறுப்பு, எரிபொருள் வாடகைக்கு எடுத்தவர் பொறுப்பு. அதனால் வாடகைதாரர் வார்த்தையை நம்பி எண்ணெய் நிரப்பியவர், முதலாளி கடன்படாத கப்பலைப் பிடிக்க முடியாது. உணவுப்பொருள் கொடுத்தவருக்கு அந்தத் தடை இல்லை, ஆர்டர் முதலாளியிடமிருந்து வந்தது. வெறும் கப்பலை மட்டும் எடுக்கும் வாடகை காலி வீட்டைக் குத்தகைக்கு எடுப்பது போல. ஆள், சாப்பாடு, எண்ணெய் எல்லாமே எடுத்தவர் கணக்கு. சிறைப்பிடிக்கும் நாளிலும் கப்பல் அவர் கையில் இருந்தால் இரண்டு சப்ளையர்களும் பிடிக்கலாம்.

சரி, மாமாவுக்கு? எனக்கு மனசு கனத்தது இங்கேதான். அவர் பில் போட்டது தூத்துக்குடிக்காரர் பெயரில், கப்பலின் பெயரில் அல்ல. வரிசையின் கடைசியில்கூட அவருக்கு இடமில்லை, தூத்துக்குடிக்காரரிடம்தான் கேட்க வேண்டும். தம்பிக்கு ஒன்று சொன்னேன்: வேலை ஒப்பந்தத்தையும் மாதச் சம்பளக் கணக்கையும் போனில் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பு. மாமா இப்போது பாதிப் பணம் கைக்கு வந்த பிறகே மூட்டையை லாரியில் ஏற்றுகிறார்.